அச்சு மாறாமல் சக்கரம் மாறுமா?

ஆரணிப் பக்கத்தில் ‘அச்சு’ என்ற சொல் இரண்டு இடங்களில் வாழ்கிறது. தறியில் பாவு இழைகளை இடைவெளி பிசகாமல் பிரித்து நிறுத்தி, ஊடை நூலை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற கருவிக்கு அச்சு என்று பெயர். வண்டியில் இரண்டு சக்கரங்களையும் கோத்துக்கொண்டு பாரத்தைத் தாங்கும் தண்டுக்கும் அதுவே பெயர். பட்டு நெய்கிறவர் அச்சை மட்டும் தனியாக மாற்றிவிட முடியாது. அச்சின் அகலமோ பல் நெருக்கமோ மாறினால் பாவின் இழை எண்ணிக்கை மாறும், விழுது மாறும், சேலையின் உடலும் கரையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதாகும். வண்டி அச்சுக்கும் இதே விதிதான் இருந்தது. சக்கரம் மாறினால் அச்சு மாறும். அச்சு மாறினால் ஏர்க்காலும் பாரமும் மாறும். இந்த இரண்டாவது விதியைத்தான் இன்று பலர் மறந்துவருகிறார்கள். எஸ்.யூ.வி. வண்டி ஒன்றை வாங்கியதும், நிறுவனம் போட்டுக் கொடுத்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் மாட்டுவது தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வண்டியின் உடலை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’டுக்குச் செலவு அதிகம், சட்டச் சிக்கலும் உண்டு என்பதால், “உடலைத் தொட வேண்டாம், டயரை மட்டும் மாற்று” என்பதே பரவலான யோசனை. இந்த யோசனை எதுவரை சரி, எங்கே தவறுகிறது என்பதற்கு நம் சக்கரங்களின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே, வடமாதிமங்கலத்துக்கு அருகில் உள்ள திருமலை, சமணக் குன்று என்ற முறையில் புகழ் பெற்றது. குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயமும், முதலாம் ராஜேந்திரனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் பாறைக் கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டின் உடனடிக் காரியம் ஒரு கொடை: வணிகர் ஒருவரின் மனைவி கோயில் விளக்குக்கும் படையலுக்கும் அளித்த காசைப் பதிவுசெய்வது. பதினோராம் நூற்றாண்டிலேயே வணிகக் குடும்பங்கள் கொடை தந்த குன்று இது. அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் இந்த வட்டாரத்தின் நெல்லும் பட்டும் நகர்ந்தது பெரும்பாலும் மாட்டுவண்டியில்தான். ரயில் வந்தபோதுகூட ‘ஆரணி ரோடு’ என்று பெயரிட்ட நிலையம் ஆரணியில் அமையவில்லை, களம்பூரில்தான் அமைந்தது. நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே சரக்கைச் சுமக்க மறுபடியும் சாலை வண்டியே தேவைப்பட்டது. மேற்கே ஜவ்வாது மலை, கீழே வயல்வெளி, நடுவே கப்பிச் சாலை என்ற இந்த நிலத்தில் சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது சோற்றுக்கான கேள்வி.

பழைய கட்டை வண்டியின் சக்கரம் ஏறக்குறைய ஆள் நெஞ்சளவுக்கு உயர்ந்து நிற்கும். நாலரை அடி, ஐந்து அடி விட்டம் சாதாரணம். இதை ஆடம்பரம் என்று யாரும் நினைக்கவில்லை. வழியில் ஒரு கல் குறுக்கிட்டால், சக்கரத்தின் ஆரம் கூடக் கூட அந்தக் கல்லை ஏறத் தேவைப்படும் இழுப்பு குறையும். பள்ளத்தில் இறங்கும்போதும் பெரிய சக்கரம் ஆழமாக விழுவதில்லை. சேற்றுப் பாதையில் மாட்டின் கழுத்தைக் காப்பாற்றியது இந்த அளவுதான். ஆனால் அந்தச் சக்கரம் தனியே பெரிதாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நடுவிலுள்ள குடம், ஆரக்கால், சுற்று விளிம்பான வட்டை, அச்சு, கடையாணி, ஏர்க்கால், நுகத்தடி எல்லாமே ஒன்றின் அளவிலிருந்து மற்றொன்று பிறந்தவை. மாட்டின் திமில் உயரத்துக்கு நுகத்தடி வர வேண்டும்; அங்கிருந்து ஏர்க்கால் எந்தச் சரிவில் இறங்கி அச்சைத் தொடுகிறது என்பதைச் சக்கரத்தின் ஆரம் தீர்மானிக்கும். பாரம் முன்னே சாய்ந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்னே சாய்ந்தால் வண்டி தூக்கிக்கொள்ளும். தச்சர் சக்கரத்தை மூன்று விரற்கடை பெரிதாக்கினால் இந்தச் சமநிலை முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் வேலையில் இந்த அளவுணர்வு உச்சத்தைத் தொடுகிறது. கொல்லர் முதலில் வட்டையின் சுற்றளவை அளப்பார். பட்டையை அந்த அளவுக்கே வளைத்து ஒட்டமாட்டார். சற்றே குறைவாக வைப்பார். எரு மூட்டத்தில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் குறடுகளால் தூக்கி வட்டையின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டைத் துண்டுகள் நெருங்கி, ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகி, சக்கரம் ஒரே உடம்பாகும். குறைத்த அளவு கொஞ்சம் கூடிப்போனால் ஆரக்கால் வளையும் அல்லது வெடிக்கும். குறைத்தது போதாவிட்டால் ஒரு கோடைக்குள் மரம் காய்ந்து பட்டை கழன்றுவிடும். எவ்வளவு இடைவெளி தாங்கும், எவ்வளவு தாங்காது என்ற அறிவே அந்தத் தொழிலின் உயிர். அச்சில் எழுதாத அறிவு அது. ஆனால் இன்று டயர் நிறுவனங்கள் அட்டவணையாகத் தருகிற அறிவுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இரும்புப் பட்டைக்கு ஒரு கேடு இருந்தது. குறுகலான பட்டை பாரம் முழுவதையும் சாலையின் ஒரு கோட்டில் அழுத்தும். கப்பிச் சாலையை அது கத்திபோல் அறுத்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபின் பொறியாளர்களுக்கு இது தீராத தலைவலி ஆயிற்று. 1934-இல் இந்திய சாலைக் காங்கிரஸ் தோன்றிய காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்தால் சாலை கெடுவது பெரிய விவாதப் பொருள். காற்றடைத்த ரப்பர் டயர்தான் இதற்கு மாற்றாக வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்டில் அதை நடைமுறைக்கு உகந்ததாக்கினார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலையைத் திறந்தது. பிறகு சென்னை அம்பத்தூரிலும் கால் பதித்தது. திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1952-இல் டயரின் மேல்தோலுக்கான ரப்பருக்கும், அறுபதுகளின் தொடக்கத்தில் முழு டயருக்கும் வந்தது. பின்னர் ஆரணிக்கு வடகிழக்கே அரக்கோணம் பகுதியிலும் அதன் ஆலை எழுந்தது.

ரப்பர் வந்ததும் நம் சக்கரம் பெரிதாகவில்லை, சிறிதாயிற்று. ஐந்தடிச் சக்கரம் போய், அதில் ஏறக்குறைய பாதி விட்டமுள்ள டயர் சக்கரம் ‘டயர் வண்டி’யைத் தாங்கியது. காற்று மெத்தை அதிர்வை வாங்கிக்கொண்டது. அகலமான ரப்பர் பாரத்தைச் சாலை மேல் பரப்பியது. சாலையும் முன்பைவிடச் சமமாயிற்று. பெரிய சக்கரம் செய்துவந்த வேலையில் பாதியைச் சாலையும் மீதியைக் காற்றும் எடுத்துக்கொண்டன. இந்த மாற்றத்தைச் செய்த கிராமத்துத் தச்சரும் கொல்லரும் மரச்சக்கரத்தை உருவிவிட்டு டயரைச் சொருகவில்லை. மர அச்சுக்குப் பதில் இரும்பு அச்சு வைத்தார்கள், பேரிங் வைத்தார்கள், ஏர்க்காலின் சரிவை மாற்றி, நுகத்தடி பழைய உயரத்திலேயே நிற்கும்படி வண்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியை மேம்படுத்தப் பல ஆண்டுகள் வாதாடினார். அவரும் சக்கரத்தோடு நிற்கவில்லை. நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்குவதையும், வண்டியின் சமநிலையையும் சேர்த்தே பேசினார். சக்கரம் ஒரு தனி உறுப்பு என்ற எண்ணம் அவரிடமும் இல்லை, ஊர்க் கொல்லரிடமும் இல்லை.

இதைவிடப் பெரிய சான்று திருவாரூரில் நிற்கிறது. ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். 1948-க்குப் பின் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-இல் மறுபடி வீதிக்கு வந்தபோது, திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களைச் செய்து கொடுத்தது. சக்கரம் மட்டுமா? அச்சும் இரும்பாயிற்று; ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டது. அதற்கு முன்பு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் தேரை நிறுத்தினார்கள். உருளுவதை எளிதாக்கினால் நிறுத்துவதையும் எளிதாக்கியாக வேண்டும் என்பதை அந்தப் பொறியாளர்கள் முதல் நாளே புரிந்துவைத்திருந்தார்கள். பக்தியும் பொறியியலும் ஒன்றாக நடந்த அந்த வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி ஜீப்புக்கு வருவோம், ஏனென்றால் பெரிய டயர் வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் ஜீப்பிலிருந்துதான் கிளம்புகிறது. “ஐம்பது வருடமாக ஜீப்பில் பெரிய டயர் போட்டு ஓட்டுகிறார்களே, என்ன கெட்டுப்போயிற்று?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போருக்காக 1941-இல் உருவான வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 அளவு டயர். 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மும்பையில் அந்த வகை ஜீப்பைப் பூட்டத் தொடங்கி, பிறகு சிஜே3பி மாதிரியை இங்கேயே பல பத்தாண்டுகள் செய்தது. 6.00-16 டயர் கணக்குப்படி சுமார் 28 அங்குல விட்டம். அதற்குப் பதில் 7.00-16 போட்டால் சுமார் 30 அங்குலம், அதாவது ஏழு விழுக்காடு கூடுதல். இது பொருந்தியதற்குக் காரணம் ஜீப்பின் பிறவிக் குணம். அதன் மட்கார்டு தட்டையானது, திறந்தது. சக்கரத்துக்கு மேலே தாராளமான வெற்றிடம். சிஜே3பியின் பின் அச்சுப் பல் விகிதம் 5.38, இழுப்புக்காகவே வைத்தது. ஏழு விழுக்காட்டை அது எளிதில் விழுங்கியது. வேகமோ குறைவு, அந்தக் காலத்துச் சாலையும் வேகத்தை அனுமதிக்கவில்லை. ஒன்பது அங்குல டிரம் பிரேக் அந்த வேகத்தைச் சமாளித்தது. இவ்வளவு பொருத்தங்கள் கூடிவந்ததால்தான் ஜீப் தாங்கியது. ஜீப்பிடமிருந்து இன்றைய எஸ்.யூ.வி. டயர் அளவை மட்டும் கடன் வாங்குகிறது. வெற்றிடத்தையும் பல் விகிதத்தையும் குறைந்த வேகத்தையும் அதனால் கடன் வாங்க முடியாது.

எண்களைக் கையில் எடுத்தால் எல்லை தானாகத் தெரியும். மஹிந்திராவின் பொலேரோவுக்கு நிறுவனம் தரும் டயர் 215/75 ஆர்15. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முழு விட்டம் 703.5 மில்லிமீட்டர். பலர் விரும்பும் மாற்று 235/75 ஆர்15. அதன் விட்டம் 733.5. வேறுபாடு 30 மில்லிமீட்டர். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் இடையே உயர்வது அதில் பாதி, வெறும் 15 மில்லிமீட்டர்தான். மீதிப் பாதி மேலே, மட்கார்டின் பக்கம் போய்விடுகிறது. ஜவ்வாது மலைப் பாதையில் ஒன்றரை சென்டிமீட்டர் எப்போதாவது உதவும், மறுக்கவில்லை. விலையையும் பார்க்க வேண்டும் அல்லவா? விட்டம் 4.3 விழுக்காடு கூடியதால் வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-ஐத் தாண்டி ஓடும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண் பத்தாயிரத்தைத் தொடும்போது நானூறு கிலோமீட்டருக்கு மேல் கணக்கில் வராமல் போயிருக்கும்; எண்ணெய் மாற்றும் தவணையும் அதோடு பிசகும். பிரேக்கின் பிடி அப்படியே இருக்க, சக்கர ஆரம் என்ற நெம்புகோல் நீண்டுவிட்டதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை அதே விகிதத்தில் குறையும். கியரின் இழுப்பும் அப்படியே குறையும். டயரும் ரிம்மும் கனமானால், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடி, குழியில் விழும் ஒவ்வொரு முறையும் அச்சும் பேரிங்கும் அதைச் சுமக்கும்.

இவை சிறு இழப்புகள்தானே என்று கேட்கலாம். நான்கு விழுக்காட்டு அளவில் சிறியவைதான். வெற்றிடம் இருந்தால் ஏற்கத்தக்கவைகூட. நாம் பழி போட வேண்டியது அதற்கு அடுத்த படிக்கு. மாருதி ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் 668 மில்லிமீட்டர். அதில் 215/75 போட்டால் ஐந்து விழுக்காடு கூடும். 235/75 போட்டால் ஏறக்குறைய பத்து விழுக்காடு. அந்த அளவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உடலில் உரசும், ஆளும் சரக்கும் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டைக் கடிக்கும். உடலைத் தூக்காமல் இதைத் தீர்க்கச் செய்யும் வேலைகள் தெரிந்தவையே: உள்பக்க பிளாஸ்டிக்கை வெட்டுவது, மட்ஃபிளாப்பைக் கழற்றுவது, ஸ்டீயரிங் திரும்பும் அளவைத் தடுப்பானால் குறைப்பது, ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவது. பிளாஸ்டிக்கை அளவோடு வெட்டுவதால் சேறு தெறிப்பதைத் தவிரப் பெரிய கேடில்லை. ஸ்பேசர் அப்படியல்ல. சக்கரம் வெளியே தள்ளப்பட்டால் பாரம் பேரிங்கின் நடுவிலிருந்து விலகி விழும், ஸ்டீயரிங் குழியைத் தேடி இழுக்கும். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைக் குறைத்தால் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில், எந்த மலைக்காக டயரை மாற்றினோமோ அந்த மலையிலேயே, வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. இந்த ஒரு உதாரணமே போதும்: அச்சைத் தொடாமல் சக்கரத்தை மாற்றியதால் வரும் கடன் வேறொரு இடத்தில் வட்டியோடு வசூலாகிறது.

நிறுவனங்களே ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று டயர் அளவுகள் தருகின்றனவே என்பது அடுத்த மறுப்பு. உண்மை, ஆனால் அந்த அளவுகளைப் போட்டுப் பார்த்தால் மறுப்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 2020-இல் வந்த மஹிந்திராவின் புதிய ‘தார்’ வண்டிக்கு 245/75 ஆர்16 ஒரு வகையிலும், 255/65 ஆர்18 இன்னொரு வகையிலும் வந்தன. ரிம் இரண்டு அங்குலம் வேறுபடுகிறது. முழு விட்டமோ 774-லிருந்து 789 மில்லிமீட்டருக்குத்தான் போகிறது. இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து முழு விட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள். டயர் தொழிலில் சுமார் மூன்று விழுக்காடு என்று சொல்லப்படும் எல்லையின் பொருள் இதுதான். பட்டையைச் சற்றே குறைத்து வளைத்த கொல்லரின் ‘சற்றே’ என்ற சொல்லுக்கு இன்று கிடைத்திருக்கும் எண் வடிவம் அது.

சட்டம் இந்த விஷயத்தில் நெடுங்காலமாகவே பேசிவருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, சரக்கு வண்டியின் ஒவ்வொரு அச்சும் எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை டயரின் எண்ணிக்கை, தன்மை, அளவு ஆகியவற்றோடு கட்டிப்போடுகிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2000-இல் செய்த திருத்தத்துக்குப் பின், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. “சொந்த வண்டியில் டயர் மாற்றுவதற்குக்கூட அரசு வர வேண்டுமா?” என்று கோபப்படுகிறவர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. எல்லா மாற்றத்தையும் ஒரே தட்டில் வைத்துத் தடுப்பது அறிவுக்கு ஒப்பாது. மலையடிவாரத்தில் வாழ்கிறவருக்கும் சேற்றில் சரக்கு ஏற்றுகிறவருக்கும் உண்மையான தேவை இருக்கிறது. ஐஸ்லாந்து இந்தத் தேவையை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே பனிப்பாறைகளின் மேல் ஓட்ட 38 அங்குல டயர் போட்ட வண்டிகள் சாலையில் சட்டப்படி ஓடுகின்றன. ஆனால் அதற்காக மட்கார்டை வெட்டி விரிக்கிறார்கள், பல் விகிதத்தை மாற்றுகிறார்கள், வேகமானியைத் திருத்துகிறார்கள், தனிச் சோதனைக்கு வண்டியைக் காட்டுகிறார்கள். 1990-இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் அதையே தொழிலாகச் செய்கிறது. நம் டயர் வண்டித் தச்சர் செய்ததும் அடிப்படையில் இதுதான்: சக்கரத்தோடு மற்றவற்றையும் மாற்றினார்.

தமிழ்நாட்டில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. ஒவ்வொரு எஸ்.யூ.வி.க்கும் உடலைத் தூக்காமல் எந்த டயர் அளவுவரை பாதுகாப்பாகப் பொருந்தும் என்று நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதைத் தாண்ட விரும்புகிறவருக்குச் சோதனை செய்து ஒப்புதல் தரும் வழியைப் போக்குவரத்துத் துறை திறக்க வேண்டும். அதுவரை, பெரிய டயர் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் உள்ள டயர் அளவை எழுதிக்கொண்டு, விட்டத்தைக் கணக்கிட்டு, மூன்று விழுக்காட்டைக் கூட்டிப் பாருங்கள். வண்டியில் முழுப் பாரம் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயருக்கும் உடலுக்கும் நடுவே கையை விட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களையும் ஒரே அளவில் மாற்றப் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அளவு வேறுபட்ட ஒரு டயர் போதும், பல் பெட்டியைத் தின்றுவிடும். இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த வண்டிக்கு அந்த டயர் இல்லை.